'வரி' என்று தேடினால் 'வருகை' வருவது ஏன்? அலுவலகத்துக்கு ஓப்பன் சோர்ஸ் ஆவண மென்பொருள் தேர்ந்தெடுக்கும் முன்

தமிழ்க் காகிதங்கள் புழங்கும் அலுவலகத்துக்கு ஆவண மென்பொருள் தேடுபவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது அதன் தேடலைத்தான். மூன்று வருடத்துக்கு முந்தைய ரசீது கேட்டவுடன் கிடைக்காவிட்டால், மற்ற வசதிகள் இருந்தும் பயனில்லை.

அதற்கு முன் உங்கள் வேலை எந்த வகை என்று முடிவுசெய்யுங்கள். வந்த காகிதத்தை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்துவதுதான் தேவை என்றால் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் பொருந்தும். ஒரு கோப்பு மேசை மேசையாகப் போய் ஒப்புதல் பெற வேண்டும் என்றால் மாயன் இடிஎம்எஸ் பாருங்கள். பலர் ஒரே கோப்பைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள் என்றால் நெக்ஸ்ட்கிளவுட். மூன்றும் இலவசம்தான், ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் வாங்க முயன்றால் நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

காகிதம் தேடக்கூடிய எழுத்தாக மாறுவது ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது) கட்டத்தில். பேப்பர்லெஸ் இதற்கு டெசராக்டைப் பயன்படுத்துகிறது. ஹெச்பி நிறுவனத்தில் உருவாகி, 2005-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிடப்பட்ட மென்பொருள் அது. தமிழ் படிக்கும், ஆனால் டாக்கரில் (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாக இயக்கும் முறை) நிறுவும்போது தமிழ் மொழிக்கோப்பு தானாக வராது. அமைப்புக் கோப்பில் அதைத் தனியாகக் கேட்டு நிறுவ வேண்டும். பிறகு ஓசிஆர் மொழியாகத் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் கொடுங்கள். ஆங்கிலம் மட்டும் இருந்தால் தமிழ்ப் பக்கம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக உள்ளே போகும், பிழைச் செய்தி எதுவும் வராது.

ஸ்கேனரை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்), கிரேஸ்கேலில் (சாம்பல் நிறச் சாயல்களில்) வையுங்கள். 10 பாயிண்ட் அளவு எழுத்துக்கு அப்போது சுமார் 42 பிக்சல் உயரம் கிடைக்கும். 150 டிபிஐயில் பாதிதான். தமிழில் இது பெரிய வித்தியாசம். 'க'வையும் 'க்'கையும் பிரிப்பது ஒரு சிறு புள்ளி. ஸ்கேனரில் தூசி நீக்கும் வசதி இயங்கினால் அந்தப் புள்ளியையும் தூசி என்று துடைத்துவிடக்கூடும், ஆகவே அதை அணைத்துவிடுங்கள். கையால் எழுதியதைப் படிப்பதை டெசராக்டிடம் எதிர்பார்க்க வேண்டாம். அப்படிப்பட்ட தாள்களுக்கு வரிசை எண் ஒட்டி, அந்த எண்ணால் தேடுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான பிடிஎஃப்களில் இன்னொரு சிக்கல் உண்டு. திரையில் அழகான தமிழ் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். வழக்கமான அமைப்பில் மென்பொருள், "இதில் ஏற்கெனவே எழுத்து இருக்கிறது" என்று ஓசிஆரைத் தவிர்த்துவிடும். இந்தக் கோப்புகளுக்கு மட்டும் ஓசிஆரைக் கட்டாயமாக்கும் முறையை இயக்குங்கள். பக்கம் முழுதும் படமாக மாற்றப்பட்டு மறுபடி படிக்கப்படும். மூலக் கோப்பைப் பேப்பர்லெஸ் தொடாமல் தனியே வைத்திருக்கும், அதனால் இழப்பு இல்லை.

எழுத்து சரியாக வந்தபின்னும் தேடல் தவறலாம். பேப்பர்லெஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பைத்தானின் வழக்கமான சொல் பிரிக்கும் விதி, தமிழின் துணைக்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. 'வரி' என்பது கணினிக்கு வ, ர, இகரக் குறி என மூன்று குறியீடுகள். குறி வந்த இடத்தில் சொல் வெட்டப்பட்டு 'வர' மட்டும் மிஞ்சும். 'வருகை' என்பதும் 'வர', 'க' என்று உடையும். ஒற்றை எழுத்துகளை விட்டுவிடும் தேடுபொறியில் அதிலும் 'வர'தான் எஞ்சும். 'வரைவு', 'வரைபடம்' இரண்டிலும் இதே கதை. வரி ரசீதைத் தேடுபவர் முன் வருகைப் பதிவேடு வந்து நிற்பது இப்படித்தான்.

எனவே முடிவெடுக்கும் முன் இந்த நான்கு சொற்களையும் தனித்தனியாகக் கொண்ட நான்கு பக்கங்களை உள்ளே போட்டு 'வரி' என்று தேடுங்கள். மற்ற மூன்றும் வந்தால் அந்தத் தேடுபொறி தமிழை உடைக்கிறது. எழுத்துத் தொடரை அப்படியே ஒப்பிடும் வேறு தேடல் அந்த மென்பொருளில் உண்டா என்று பாருங்கள். அது 'வரிசை'யையும் கொண்டுவரும், கோப்பு பெருகினால் வேகமும் குறையும்; இருந்தாலும் இதுவே மேல். அதில் 'பத்திரம்' என்று தேடாமல் 'பத்திர' என்று தேடினால் 'பத்திரத்தை', 'பத்திரத்தில்' எல்லாம் அகப்படும். 'கொள்முதல்' என்பதன் முதல் எழுத்தை ஒற்றைத் துணைக்குறியோடும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். இரண்டு விதமாகவும் தட்டச்சு செய்து தேடிப் பாருங்கள்.

வன்தட்டைப் பொறுத்தவரை, நாளுக்கு 200 பக்கம், ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 60,000 பக்கம். பக்கத்துக்கு 1 எம்பி என்று தாராளமாக வைத்து, மூலமும் ஓசிஆர் செய்த காப்பகப் பிரதியும் சேர்த்தால் 120 ஜிபி.

ஸ்கேனர் நெட்வொர்க் பகிர்வில் கோப்பைப் போட்டும் பேப்பர்லெஸ் எடுக்கவில்லையா? புதுக் கோப்பு வந்த அறிவிப்பு பகிர்வுக் கோப்புறைகளில் பெரும்பாலும் கிடைக்காது. குறிப்பிட்ட நொடிக்கு ஒருமுறை கோப்புறையைத் தானே பார்க்கும்படி அமைத்தால் சரியாகும்.

பேப்பர்லெஸ் ஆவணங்களை மறையாக்கம் (கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யாமல் அப்படியே வட்டில் வைக்கும். வட்டை நீங்கள்தான் மறையாக்கம் செய்ய வேண்டும். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் வர உதவும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக மட்டும் அனுமதியுங்கள். பேப்பர்லெஸின் போர்ட்டை (நெட்வொர்க்கில் அதை அணுகும் வாசல்) இணையத்துக்கு நேராகத் திறந்துவிடாதீர்கள்.

பேக்கப்புக்கு அதன் ஏற்றுமதிக் கட்டளையைத் தினமும் இரவில் ஓடவிடுங்கள். கோப்புகளோடு குறிச்சொல், தேதி, அனுப்பியவர் விவரங்களும் ஒரு பட்டியல் கோப்பாக வரும். மீட்கும்போது அதே பதிப்பு மென்பொருள் இருப்பது நல்லது, ஆகவே பதிப்பு எண்ணையும் அதனுடன் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் அதை இறக்குமதி செய்து, ஏதாவது பத்து ஆவணங்களைத் தேடித் திறந்து பாருங்கள்.