30 டாலர் சேகரிப்பாளர் உரிமம்: தோட்டாவைப் பார்த்து துப்பாக்கி வாங்குங்கள்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி சேர்ப்பவர்களுக்கென்றே மத்திய அரசு ஓர் உரிமம் வைத்திருக்கிறது. 'டைப் 03' என்பார்கள். கட்டணம் 30 டாலர், 3 ஆண்டுக்குச் செல்லும். வழங்குவது ஏ.டி.எஃப். என்ற மத்திய முகமை.

இதனால் என்ன லாபம்? பொதுவாக வேறு மாநிலத்துக் கைத்துப்பாக்கியை நேரடியாக வாங்க முடியாது. உள்ளூர்க் கடைக்காரர் பெயருக்கு வரவழைத்து, அவருக்கு ஒரு கூலியும் கொடுக்க வேண்டும். இந்த உரிமம் இருந்தால் தகுதியுள்ள பழைய துப்பாக்கி நேராக உங்கள் முகவரிக்கே வரும். தகுதி என்றால், செய்து 50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அசல் வடிவம் மாறியிருக்கக் கூடாது, நகலாக இருக்கக் கூடாது. 1970-இல் செய்தது 2020-இல் உள்ளே வந்துவிட்டது. புதுத் துப்பாக்கிக்கு இந்த உரிமம் உதவாது. வாங்கி விற்று வியாபாரம் செய்யவும் இதில் இடமில்லை.

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். படிவம் 7சி.ஆர்-ஐ நிரப்பி அனுப்பி, அதன் நகலை உங்கள் ஊர்க் காவல்துறைத் தலைவருக்கும் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

உரிமம் கைக்கு வந்ததும் புதியவர்கள் செய்யும் தவறு, விலை குறைவு என்று எதையாவது வாங்கிவிடுவது. ரஷ்ய நாகான் 1895 ரிவால்வரைப் பாருங்கள். ஏழு தோட்டா, சுடும்போது தோட்டாக்கள் இருக்கும் உருளை முன்னால் நகர்ந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும். விநோதமான பொருள்தான், ஆனால் அதன் தோட்டாவை வேறு துப்பாக்கிகள் அநேகமாகப் பயன்படுத்துவதில்லை; தேடி அலைய வேண்டும். சுட இழுக்கும் விசையும் கல் மாதிரி கனம். அலமாரியில் வைக்க மட்டும் என்றால் சரி.

மகாரோவ் என்ற சோவியத் கைத்துப்பாக்கி அதைவிட எளிது. ஆனால் அதன் 9×18 தோட்டாவும் (முதல் எண் குண்டின் விட்டம், அடுத்தது உறையின் நீளம், மி.மீ. கணக்கில்) கடைகளில் குவிந்திருக்கும் 9×19 தோட்டாவும் ஒன்றல்ல. 9 என்ற எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்தால் அதிலும் கவனம் தேவை. பலவற்றின் பிரைமர், அதாவது தோட்டாவைப் பற்றவைக்கும் பகுதி, குழாயில் உப்பு விட்டுச் செல்லும். அன்றைக்கே தண்ணீரால் கழுவித் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் குழாய் துருப்பிடிக்கும்.

என்னைக் கேட்டால், முதல் துப்பாக்கிக்கு 50 வயது தாண்டிய ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 ரிவால்வர். போலீஸ்காரர்கள் இடுப்பில் பல்லாண்டு தொங்கியது. வெளிப்பூச்சு தேய்ந்திருந்தாலும் உள்ளே நன்றாகவே இருக்கும். பாயின்ட் 38 ஸ்பெஷல் தோட்டா எங்கும் கிடைக்கும், அதிர்வும் குறைவு. வாங்குமுன் உருளை ஆடுகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம்; வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு வந்தபின் இதைப் பற்றி யோசிக்கலாம். மாநிலச் சட்டமும் தனி: நியூயார்க்கில் கைத்துப்பாக்கிக்கு வேறு உரிமம் வேண்டும், டைப் 03 அதற்கு ஈடாகாது.

அப்புறம் பதிவேடு. இந்த உரிமத்தில் வாங்குவது, கொடுப்பது எல்லாவற்றையும் அதில் எழுதியாக வேண்டும். ஏ.டி.எஃப். ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம். வீட்டுக்கு வர வேண்டாம் என்றால், பதிவேட்டையும் துப்பாக்கிகளையும் அவர்கள் அலுவலகத்துக்கே எடுத்துப் போய்க் காட்டலாம்.