பொலின்யா: தமிழில் எப்படிச் சொல்வது?

பொலின்யா ரஷ்யச் சொல். ரஷ்யர் வாயில் அது ஏறக்குறைய 'பலின்யா', அழுத்தம் கடைசி அசையில். உறைந்த நீர்ப்பரப்பில் தானாகவே விட்டுப்போன திறப்புக்கு அங்கே அந்தப் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் துருவப் பயணிகள் அதைக் கடலுக்கு எடுத்துக்கொண்டார்கள்: சுற்றிலும் கடற்பனிக்கட்டி, நடுவே கடுங்குளிரிலும் மூடாத நீர். நீண்டு ஒடுங்கிய விரிசல் இதில் சேராது. பொலின்யா அகன்றது, பல பொலின்யாக்கள் ஆண்டுதோறும் அதே இடத்தில் திறக்கின்றன.

ஆழத்திலிருந்து வெப்பநீர் மேலேறிப் பனிக்கட்டியைக் கரைப்பது ஒரு வகை. அண்டார்க்டிகாவை ஒட்டிய வெட்டல் கடலில் 1974 முதல் 1976 வரை குளிர்காலந்தோறும் அப்படித் திறந்தது சுமார் 2,50,000 சதுர கி.மீ.; தமிழ்நாட்டைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

கரையோரத்தில் வேலை செய்வது காற்று. அண்டார்க்டிகாவின் பனிமேட்டில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் பாய்ந்து இறங்கி, புதிதாக உறைந்த படலத்தைக் கடலுக்குள் தள்ளிவிடுகிறது. வெளிப்பட்ட நீர் −1.8 டிகிரி செல்சியஸ் வாக்கில் மறுபடி உறைகிறது. காற்று மறுபடி தள்ளுகிறது. பார்வைக்குத் திறந்த நீர், உண்மையில் ஓயாத பனிக்கட்டி ஆலை. உறையும்போது வெளியேறும் உப்பு கீழே உள்ள நீரைக் கனக்கச் செய்ய, அது அடிக்கடலுக்கு இறங்குகிறது.

பனிக்கட்டி விலகியதும் சதுர மீட்டருக்குச் சில நூறு வாட் வெப்பம் வானுக்குப் போகும். ஈரக்காற்று மேலெழும், மேகம் திரளும். தாழ்வழுத்தம் வலுப்பெற்றால் அதன் காற்று பனிக்கட்டியை மேலும் விலக்கும். வெட்டல் கடலில் 2017 செப்டம்பரில் மறுபடி பெரிதாகத் திறந்ததில் கடும் புயல்களுக்குப் பங்குண்டு.

'பனித்துளை' என்ற பெயர் சரிவராது. தில்லிக்காரருக்குப் பனி என்றால் ஜனவரியில் ரயிலைத் தாமதமாக்கும் மூடுபனிதான். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிப் பிள்ளை வேறெதை நினைக்கும்? துளை என்பதோ மிகச் சிறிது. 'பனிப்பாறை'யை ஏற்கெனவே பனியாற்றுக்கும் மிதக்கும் பனிமலைக்கும் சேர்த்தே எழுதிக் குழப்பியாயிற்று. 'உறைகடல் நீர்வெளி' பொருந்தும். முதல் முறை இரண்டையும் எழுதிவிட்டு, பிறகு பொலின்யா என்றே தொடரலாம். கரையோரப் பொலின்யாவின் செயற்கைக்கோள் படத்துக்கு 'பனி உருகிய இடம்' என்று மட்டும் குறிப்பு எழுதக் கூடாது. அங்கே காற்று தள்ளியிருக்கிறது, எதுவும் உருகவில்லை.