'ஆனால்' என்ற சொல்லுக்கு முன்

நான்கு ஆண்டுகள் காதலித்த இருவர், பிரிந்துவிடுவதென ஏறக்குறைய முடிவெடுத்த பிறகு ஆலோசனைக்கு வந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அந்தப் பெண்ணின் தந்தை நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரவில், முன்பணம் கட்டியதும் ரத்தம் கொடுக்க நண்பர்களைத் திரட்டியதும் அந்த இளைஞர்தான். ஆகவே, "அன்னைக்கு நீ என்கூட இல்லவே இல்ல" என்று அந்தப் பெண் சொன்னபோது இளைஞர் நிலைகுலைந்துபோனார். இத்தனை செய்தும் இந்தப் பேச்சா என்ற அவருடைய வலியில் நியாயம் இருந்தது. "பயமா இருக்கு" என்ற ஒவ்வொரு முறையும் "அதான் எல்லாம் பாத்துட்டேனே" என்ற பதிலையே கேட்ட பெண்ணின் வலியிலும் நியாயம் இருந்தது.

அன்றிரவு அந்தப் பெண்ணின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதை மட்டும் சொல்லுமாறு இளைஞரிடம் கேட்டேன். "பயந்திருப்பா, ஆனா நான்..." என்று தொடங்கினார், 'ஆனா' வந்ததும் நிறுத்தச் சொன்னேன். இரண்டாம் முறையும் அந்தச் சொல் வந்தது. மூன்றாம் முறை, "அப்பா போயிடுவாரோன்னு நினைச்சிருப்பா, கையப் புடிச்சிக்க ஆள் தேடியிருப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். வெகுநேரம் அழுத பிறகு அந்தப் பெண், "நீயும் பயந்தியா?" என்று கேட்டார். சும்மா உட்கார்ந்தால் உடைந்துவிடுவோம் என்ற அச்சத்தில்தான் அன்றிரவு முழுவதும் ஓடிக்கொண்டே இருந்ததாக இளைஞர் அப்போதுதான் முதன்முறையாகச் சொன்னார்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் புதுமணத் தம்பதியரைக் கவனித்து, ஆறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்தபோது, சேர்ந்து வாழ்ந்தவர்கள் துணையின் சிறுசிறு அழைப்புகளுக்கு 86 விழுக்காடு முகங்கொடுத்திருந்தார்கள் என்றும், பிரிந்தவர்களிடம் அது 33 விழுக்காடே என்றும் கண்டார். அழைப்பு என்பது ஒரு பெருமூச்சாகவோ, "இங்க பாரேன்" என்ற ஒரு சொல்லாகவோகூட இருக்கலாம்.

துணையின் மனத்தை 'ஆனால்' இல்லாமல் சொல்லிப் பார்க்கும் இந்தப் பயிற்சியைச் சண்டை உச்சத்தில் இருக்கும்போது முயல வேண்டாம். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும் கொந்தளிப்பில் எதிரில் இருப்பவரின் சொல் காதில் விழுந்தாலும் மனத்தில் ஏறுவதில்லை என்பதால், குறைந்தது 20 நிமிடம் விலகியிருப்பது நல்லது. எப்போது திரும்பி வருவோம் என்பதைச் சொல்லிவிட்டு விலக வேண்டும், இல்லையென்றால் அது கைவிடுவதாகவே படும்.

அடியும் மிரட்டலும் கைப்பேசியைப் பிடுங்கிச் சோதிப்பதும் நடக்கும் உறவில், அடிப்பவரின் மனத்தைப் புரிந்துகொள்ளும்படி நான் எவரையும் கேட்பதில்லை. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்கள் 181 என்ற உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.