வெட்டுவது நொதி, கிழிப்பது அழுத்தம்

ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி, வாலிநோக்கம் பக்கம் கருவேலங்காட்டில் விறகு வெட்டுபவர்கள் நல்ல பாம்பைவிடச் சுருட்டை விரியனுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். நீளம் சுமார் ஒரு முழம்தான் இருக்கும். மண் நிறத்தில் இருப்பதால் முள்ளுக்கடியில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. கடித்த சில மணி நேரத்தில் ஈறில் இரத்தம் கசியலாம், ஆறின புண்கூட ஒழுகலாம்.

விஷம் இரத்தத்தைத் தண்ணியாக்கிவிடும் என்பார்கள். அது பாதிதான் சரி. விஷத்திலுள்ள எக்கரின் என்ற நொதி உறைதலை வீணாகத் தூண்டித் தூண்டி, உறைவதற்கான சரக்கையே தீர்த்துவிடுகிறது. அதனால்தான் மருத்துவமனையில் 2 மில்லி இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று சாய்த்துப் பார்க்கிறார்கள். மீதிப் பாதி இரத்தக் குழாயின் சுவரில் நடக்கிறது.

தந்துகிகள் எனும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றி மெல்லிய அடித்தளச் சவ்வு ஒன்று உண்டு. அதைத் தாங்கி நிற்பது நான்காம் வகை கொலாஜன் என்ற புரதம். துத்தநாக அணுவை நடுவில் வைத்திருக்கும் சில விஷ நொதிகள் இந்தக் கொலாஜனை அங்கங்கே வெட்டுகின்றன. அதனால் மட்டும் குழாய் உடைவதில்லை. பேத்தை மீன் நாலு கண்ணியைக் கடித்த வலை கடலுக்குள் சும்மாதான் கிடக்கும், பாரத்தோடு வாங்கும்போதுதான் கிழியும். அதேபோல, பலம் குறைந்த சுவரை விரித்துக் கிழிப்பது உள்ளே ஓடும் இரத்தத்தின் அழுத்தம்.

இந்த நொதிகளைப் பாம்பு புதிதாக உண்டாக்கவில்லை. விலங்குகளின் உடலில் சாதாரண வேலை செய்யும் 'ஆடம்' நொதிக் குடும்பத்திலிருந்து இவை பரிணமித்தன. அதன் ஒன்றுவிட்ட உறவுதான் நம் உடலிலுள்ள மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டினேஸ்கள் என்ற நொதிகள். இவற்றில் முதலாவதை 1962இல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியேரும் தலைப்பிரட்டையின் வாலில் கண்டுபிடித்தார்கள். வால் மறைந்து தவளையாக வேண்டுமென்றால் அதிலுள்ள கொலாஜனை யாராவது கரைக்க வேண்டுமே!

நமக்கும் அவை இல்லாமல் முடியாது. காயம் ஆறும்போது புதுத் தந்துகி முளைக்கப் பழைய சவ்வு வழிவிட வேண்டும். கர்ப்பத்தில் கருப்பையின் தமனிகள் அகன்று கொடுக்க வேண்டும். ஆகவே உடல் இவற்றைச் செயலற்ற வடிவில் சுரந்து, தேவையான இடத்தில் மட்டும் முடுக்கிவிடுகிறது. அடக்கி வைக்க டிம்ப் எனும் நான்கு தடுப்புப் புரதங்களும் உண்டு.

சிக்கல் வருவது அழற்சி நீடிக்கும்போது. கொழுப்பு படிந்த தமனியில் குவியும் மேக்ரோபேஜ் எனும் நோய் எதிர்ப்புச் செல்கள் இந்த நொதிகளை ஓயாமல் சுரக்கின்றன. கொழுப்பின் மேல் மூடியாக இருக்கும் நார்ப்படலம் அரிக்கப்பட்டு மெலிகிறது. அது 65 மைக்ரோமீட்டருக்கும் கீழே போனால் கிழியும் ஆபத்து அதிகம். கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் மாரடைப்பு.

வயிற்றுப் பெருந்தமனியில் இழப்பு, சுவருக்கு நெகிழ்ச்சி தரும் இலாஸ்டின் புரதத்துக்கு. வளர்ந்த பிறகு உடல் இதைப் புதிதாகச் செய்வது மிகக் குறைவு, போனது போனதுதான். சுமார் 2 செ.மீ. அகலமுள்ள குழாய் 3 செ.மீ. ஆனால் வீக்க நோய் என்பார்கள். ஆண்களுக்கு 5.5ஐத் தொட்டால் பொதுவாக அறுவை சிகிச்சை. அகலம் கூடக்கூட அதே அழுத்தமே சுவரை இன்னும் பலமாக இழுக்கும், அதனால் வீங்கியது மேலும் வீங்கும். இதில் பீடி, சிகரெட்டைவிடப் பெரிய எதிரி கிடையாது.

சரி, நொதியையே நிறுத்திவிட்டால்? டாக்சிசைக்ளின் மாத்திரை இவற்றைக் கொஞ்சம் அடக்கும். ஆனால் 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில் சிறிய வீக்கங்கள் வளர்வதை அது தடுக்கவில்லை. புற்றுநோய்க்கென வந்த மாரிமாஸ்டாட் நல்ல நொதி, கெட்ட நொதி பார்க்காமல் எல்லாவற்றையும் முடக்கி, மூட்டு வலியைக் கொடுத்ததுதான் மிச்சம். அந்த மருந்தை இப்போது விரியன் விஷத்துக்கு எதிராக ஆய்வகங்களில் சோதிக்கிறார்கள். பாம்புக்கடிக்குச் சில நாள் கொடுத்தால் போதுமென்பதால் மூட்டு வலி அங்கே பெரிய தடையாக இருக்காது என்பது கணக்கு. இன்றைக்குக் கையில் இருப்பது குதிரை இரத்தத்திலிருந்து தயாரிக்கும் முறிமருந்துதான். கிழிந்த குழாயை அது ஒட்டவைக்காது, இன்னும் வெட்டாத விஷத்தைத்தான் பிடிக்கும். அதனால் கட்டுப் போடுவதிலும் கீறிவிடுவதிலும் நேரம் போக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.