ஆன்லைன் ரம்மி: கட்டுப்பாடு மனதில் இருந்தால் போதாது, கணக்கிலும் இருக்க வேண்டும்

ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுவிட்டு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட். எவ்வளவு போனது என்று வாயால் கேட்டால் சரியான தொகை வராது. வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பலருக்கு உண்மையிலேயே தெரியாது. ஜெயித்த நாள் தேதியோடு ஞாபகம் இருக்கும், விட்ட கணக்கு மங்கிப்போயிருக்கும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, பேனாவால் கோடு போட்டு, வரி வரியாகப் படிப்போம்.

அப்படிப் படித்த ஒரு ஸ்டேட்மென்ட்டைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர், இரண்டு பிள்ளைகள். சம்பளம் ஏறிய அன்று இரவு 9.40க்கு 500 ரூபாய் போயிருக்கிறது. 10.15க்கு இன்னொரு 500. 11.30க்கு 1,800 உள்ளே வந்திருக்கிறது, ஜெயித்த பணம். நான்கே நிமிடத்தில் அது அப்படியே திரும்பப் போயிருக்கிறது. நள்ளிரவு தாண்டியதும் 1,000, 1,000, 2,000, 2,000, 5,000. அரை மணிக்கு ஒரு தரம் என்றிருந்த இடைவெளி ஆறு நிமிடமாகி, பிறகு மூன்று நிமிடமாகிறது. கடைசி வரி 2.50. மறுநாள் காலையில் லோன் ஆப்பிலிருந்து பணம் வரவு.

“ஆயிரத்தோட நிறுத்திக்கணும்னுதான் சார் உக்காந்தேன்” என்றார். நான் அதை நம்புகிறேன். 9.40க்கு அவரிடம் உறுதி இருந்தது. விட்டதைப் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் வந்த பிறகு அந்த உறுதிக்கு வேலை இல்லை. ஒரே ஒரு சீட்டில் போன ஆட்டம் தோல்வியாகத் தெரியாது, “நெருங்கிட்டோம்” என்றுதான் தெரியும். பரிசு எப்போது வரும் என்று தெரியாமல் விட்டுவிட்டு வரும்போது மூளை அதை விடாமல் தேடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனம் உள்ள அதே பிரிவுக்குள் கொண்டுவந்தது இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது. “கொஞ்சம் மனசு வெச்சா விட்டுடலாமே” என்று வீட்டில் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, கட்டுப்பாட்டை நள்ளிரவில் மனதுக்குள் தேடுவதில் பயனில்லை. மனம் தெளிவாக இருக்கும் பகல் நேரத்தில், பணம் போகும் வழியில் அதைக் கட்டி வைக்க வேண்டும். தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025இல் கொண்டுவந்த விதிமுறைகளும் இப்படித்தான் யோசித்தன. இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆட அனுமதியில்லை; ஒரு நாளைக்கு, ஒரு வாரத்துக்கு, ஒரு மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஆடுபவர் முன்கூட்டியே வரம்பு வைத்துக்கொள்ள தளம் வழி செய்ய வேண்டும் என்றன. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதிமுறைகள் செல்லும் என்றது. அந்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

தடைக்குப் பிறகும் என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். டெலிகிராம் குழுவில் யாரோ அனுப்பிய லிங்க், எங்கிருந்தோ நடத்தப்படும் ஒரு ஆப், தினமும் மாறும் யுபிஐ ஐடி. இங்கே ஜெயித்தாலும் பணம் வரும் என்று உறுதியில்லை, வராவிட்டால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. அடிக்கடி ஆள் பெயர் மாறும் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

ஒழுங்காக நடந்த தளத்திலேயே கணக்கு எப்படி இருந்தது என்று பாருங்கள். இரண்டு பேர் தலா 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள். தளம் 15 சதவீதம் கமிஷன் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 200இல் 30 போக, ஜெயித்தவர் கைக்கு 170. அவருக்கு லாபம் 70, தோற்றவருக்கு நஷ்டம் 100. இருவரும் சம திறமைசாலிகள், பத்து ஆட்டத்தில் ஆளுக்கு ஐந்து ஜெயிக்கிறார்கள். ஐந்து வெற்றியில் 350 வரும், ஐந்து தோல்வியில் 500 போகும். பாதிக்குப் பாதி ஜெயித்தும் இருவரும் தலா 150 ரூபாய் இழந்திருப்பார்கள். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டும்போது எதிரே இருப்பவர் சற்று நேரம் பேசாமல் இருப்பார். “நல்லா ஆடுவேன் சார்” என்பது பெரும்பாலும் உண்மைதான்; நன்றாக ஆடியும் பணம் கரைந்தது இப்படித்தான்.

பண விஷயத்தில் நான் சொல்லும் ஏற்பாடு எளிமையானது. சம்பளம் ஏறும் கணக்கு போனில் எந்த யுபிஐ ஆப்பிலும் இருக்கக் கூடாது. அந்தக் கணக்கின் டெபிட் கார்டு மனைவியிடமோ அம்மாவிடமோ இருக்கட்டும். வாரச் செலவுக்கு மட்டும் இன்னொரு கணக்கில் பணம் போட்டு, அதை மட்டும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம், தவணை எல்லாம் சம்பளம் வந்த மறுநாளே போய்விட வேண்டும். கையில் சும்மா நிற்கும் பணம்தான் இரவில் ஆட்டத்துக்குப் போகிறது.

கடன் வாங்கிய பணத்தில் ஆடக் கூடாது. கிரெடிட் கார்டு, நகை அடகு, நண்பனிடம் கைமாற்று, எதுவானாலும் சரி. சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக அனுமதிக்கும் பிரிட்டனே 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டத் தடை போட்டது. இல்லாத பணத்தை விடும்போதுதான் குடும்பம் முழுவதும் சேர்ந்து சரிகிறது என்பதை அவர்களும் பார்த்துவிட்டார்கள்.

ஆப்பை அழித்தால் மட்டும் போதாது. இரண்டு நிமிடத்தில் திரும்ப இறக்கிவிடலாம். கணக்கையே மூடச் சொல்லி, குழுக்களிலிருந்து வெளியேறி, போனை இரவில் வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். மாதம் ஒரு முறை ஸ்டேட்மென்ட்டை வீட்டில் இன்னொருவரோடு சேர்ந்து படியுங்கள். இதுதான் பலருக்கும் கசக்கிறது. கசந்தாலும் செய்தவர்கள்தான் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறார்கள்.

“அளவோட ஆடிக்கிறேனே” என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நீங்களே வைத்த வரம்பை நீங்களே திரும்பத் திரும்ப மீறியிருந்தால் உங்களுக்கு அளவு என்று ஒன்று இல்லை, முழுதாக நிறுத்துவதுதான் வழி. வீட்டுக்குத் தெரியாமல் ஆடுவது, விட்டதைப் பிடிக்க மறுபடி போடுவது, ஆடாத நாளில் எரிந்து விழுவது, கடனை அடைக்கக் கடன் வாங்குவது ஆகியவையும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன.

குடும்பத்தாருக்கு ஒரு விஷயம். மாமனார் நிலத்தை விற்று ஒரே மூச்சில் எல்லாக் கடனையும் அடைத்துவிடுவார். சில மாதத்தில் மறுபடியும் கடன் முளைக்கும். இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். கடனை அடைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் கைமாற்று, மீட்டர் வட்டி உட்பட முழுப் பட்டியல் எழுத வேண்டும். பணத்தை அவர் கையில் தராமல் கடன் கொடுத்தவரிடம் நேராகக் கட்ட வேண்டும். வட்டி அதிகமுள்ளது முதலில். ஏமாற்று ஆப்பில் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அழைத்துப் புகார் கொடுங்கள்.

கடன் வெளியே தெரியவரும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஏற்கெனவே இருந்தால் சொல்ல ஒரு வழி கிடைக்கும். திட்டுவதையும் கணக்குக் கேட்பதையும் தள்ளிவையுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

விஷயம் வெளியே போய்விடுமோ என்று பயந்து வராமல் இருப்பவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்வது எங்கள் கடமை. முதல் முறை வரும்போது ஸ்டேட்மென்ட், கடன் பட்டியல், வீட்டில் ஒருவர் துணை, இவை போதும். கூட வருகிறவர் முதல் அரை மணி நேரம் வெளியே உட்காரட்டும். இதுவரை யாரிடமும் சொல்லாத கடன் ஏதாவது இருந்தால் பெரும்பாலும் அந்த அரை மணியில்தான் வெளியே வரும்.