குவார்ட்ஸ் ட்யூபில் ஒரு கட்டைவிரல் ரேகை

கத்திரி வெயிலில் ஒரு ஆராய்ச்சி மாணவர் ஃபர்னஸ் ட்யூபை, அதாவது உலைக்குள் வைத்துச் சூடேற்றும் குழாயை, பழைய துண்டில் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். "அண்ணா, ட்யூபே டூப்ளிகேட் போல. பாரிமுனையில வாங்கினது, ரெண்டே தடவைதான் ஏத்தினேன்" என்றார். பளிங்குபோல் இருக்கவேண்டிய ட்யூபின் நடுவில் பால் தெளித்த மாதிரி வெள்ளை. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தால் அதில் ஒரு கட்டைவிரல் ரேகை, பத்திரப்பதிவில் வைத்தது போல வரிவரியாக. கடைக்காரரைத் திட்டாதீங்க தம்பி, இது உங்க விரல்தான் என்றேன்.

குவார்ட்ஸ் என்று வாய் பழகிவிட்டதே தவிர, அந்த ட்யூப் படிகமே இல்லை. உருக்கிய சிலிகா, அதாவது கண்ணாடி; அணுக்கள் வரிசையாக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் உறைந்துபோனது. 1,000 டிகிரிக்கு மேல் ஏற்றும்போது அடுக்கிக்கொள்ள மறுபடி வாய்ப்பு கிடைக்கிறது. ஆனால் சுத்தமான சிலிகா அந்தச் சூட்டிலும் பயங்கரக் கெட்டிப் பாகு மாதிரி, உட்புறத்தில் புதிதாக ஒரு படிகம் பிறப்பது லேசில்லை. மேற்பரப்பில் கதை வேறு: தூசி, கீறல், உப்பு என்று பற்றிக்கொள்ள ஏதாவது ஒன்று இருக்கும். வியர்வையிலுள்ள சோடியம் சிலிக்கன்-ஆக்சிஜன் வலையை ஆங்காங்கே அறுத்துவிட, கிறிஸ்டோபலைட் என்ற சிலிகா படிகம் அங்கேதான் முதலில் முளைக்கும்; அந்த வெள்ளை அதுதான். மே மாதச் சென்னையில் உப்பு படியாத விரல் யாருக்கு இருக்கிறது?

படிகங்கள் எந்தப் பக்கம் பார்த்து வளர்கின்றன என்பது எனக்கு இன்னும் அலுக்காத விஷயம். பல வகைக் கண்ணாடிகளில் மேற்பரப்பில் முளைப்பவை முதலில் ஆளுக்கொரு திசையில் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் வேகமாக வளரும் திசை என்று ஒன்று உண்டு. அது நேரே உள்நோக்கி அமைந்தவை முந்திக்கொள்ளும், சாய்ந்தவை பக்கத்திலிருப்பதில் முட்டி அங்கேயே நின்றுவிடும். சாயங்காலம் மாம்பலம் ஸ்டேஷனில் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு ரயிலேறப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கொஞ்சம் ஆழத்தில் வெட்டிப் பார்த்தால் மிஞ்சியவை எல்லாம் மேற்பரப்புக்குச் செங்குத்தாக, ஊசி ஊசியாக நிற்கும். கண்ணாடி-செராமிக் செய்பவர்கள் இதை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள், சரி, நமக்கு அது தலைவலி.

சூடாக இருக்கும்வரை ட்யூப் ஒன்றும் சொல்லாது. ஆறும்போது, சுமார் 250 டிகிரி வாக்கில், கிறிஸ்டோபலைட் உருமாறிச் சட்டென்று சுருங்கும். அடியிலுள்ள சிலிகா கண்ணாடியோ கிட்டத்தட்டச் சுருங்கவே சுருங்காது. அப்புறம் என்ன, தோல் உரிவது போல உரிந்து விரிசல் விடும். ஏற்கெனவே வெளுத்துப்போன ட்யூப் என்றால் ஃபர்னஸை 300 டிகிரிக்குக் கீழே இறக்காமல் வைத்திருங்கள், இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

புது ட்யூபை நூல் பிரியாத சுத்தமான கையுறையோடு மட்டும் தொடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் வைத்தால் ஒரு இடத்தோடு போகும், இது ட்யூப் முழுக்க உப்பு பூசுகிற வேலை. வாலைவடிநீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும்.

அந்த மாணவர் பேசிக்கொண்டே வெள்ளையை நகத்தால் சுரண்டி ஊதப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். உரிந்து வரும் தூள் படிக சிலிகா. மூச்சில் போனால் நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிகோசிஸ் நோய் வரும். 1997 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு கவரில் கட்டிப் போட்டோம்.