தொட்டியைத் திருப்பினால் சூரியகாந்தி என்ன செய்யும்?

மொட்டை மாடியில் முதன்முறையாகச் சூரியகாந்தி வளர்க்கும் வாசகி ஒருவர் இரண்டு ஐயங்களை எழுதியனுப்பியிருக்கிறார். மொட்டாக இருந்தவரை காலையில் கிழக்கையும் மாலையில் மேற்கையும் பார்த்துவந்த செடி, பூ விரிந்ததும் கிழக்கு நோக்கியே நின்றுவிட்டதே, இது நோயா என்பது முதலாவது. இன்னொரு தொட்டியில் இப்போதுதான் மொட்டு வைத்திருக்கும் செடி நிற்கும் மூலை வாஸ்துப்படி சரியில்லை என்று உறவினர் சொல்கிறாரே, அதைத் திருப்பி வைக்கலாமா என்பது இரண்டாவது.

நோய் எதுவும் இல்லை. வாஸ்துவைப் பொறுத்தவரை, செடிக்குத் தெரிந்த திசை வெயில் வரும் திசை ஒன்றுதான். நாளுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் படும் மூலை எதுவோ அதுவே அதற்கு நல்ல மூலை. அறிவியலைப் பள்ளியில் படித்துவிட்டு, பூந்தொட்டியின் இடத்தைப் பலன் பார்த்து முடிவு செய்வது எனக்கு வருத்தம் தருகிறது.

வளர்ப்பு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதியவர்களுக்குக் குட்டை வகை ஏற்றது. அடியில் துளையுள்ள, 12 அங்குல ஆழத் தொட்டியில் செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் மட்கிய எருவும் கலந்து நிரப்பி, 2 செ.மீ. ஆழத்தில் விதையை ஊன்றினால் ஒரு வாரத்தையொட்டி முளைத்துவிடும். ஆணிவேர் இடமாற்றத்தைத் தாங்காது என்பதால் நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாமல் நேரடியாகவே விதைக்க வேண்டும். தின்பதற்கென விற்கும் வறுத்த விதை முளைக்காது. அறுத்த கையோடு எடுத்த விதையும் சில வாரங்கள் உறக்கத்தில் இருக்கும். நாம் விதை என்று ஊன்றுவது உண்மையில் ஒரு முழுக் கனி. அதன் கறுப்பு ஓடு கனியின் சுவர். முளைத்து வரும்போது அந்த ஓடு வித்திலைகளின் மேல் குல்லாய் போல மாட்டிக்கொண்டிருந்தால் பிய்த்துவிடாமல், நீர் தெளித்து ஊறவிட்டால் தானே கழன்றுவிடும்.

இனி அந்தத் திரும்பலுக்கு வருவோம். தொட்டாற்சுருங்கியின் இலைக்காம்படியில் ஒரு சிறு புடைப்பு உண்டு. அதன் செல்கள் நீரை இழந்தால் இலை தொங்கும், நீர் திரும்பினால் நிமிரும். சூரியகாந்தித் தண்டில் அப்படியொரு கீல் கிடையாது. அது வளர்ந்தே திரும்புகிறது. பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் மேற்குப் பக்கத்தைவிடக் கூடுதலாக நீள்வதால் நுனி மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் கூடுதலாக நீள்வதால் நுனி மீண்டும் கிழக்கே வந்துவிடுகிறது. மொட்டுக்குச் சற்றுக் கீழே தண்டின் இரு பக்கமும் ஸ்கெட்ச் பேனாவால் சம இடைவெளியில் புள்ளிகள் வைத்து, மாலையில் நூல் பிடித்து அளந்து பார்த்தேன். கிழக்குப் பக்கப் புள்ளிகள்தாம் ஒன்றையொன்று விட்டு அதிகம் விலகியிருந்தன. அந்த நூலைக் கையில் பிடித்தபடி நான் நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

பகலில் வெயில் வழிகாட்டுகிறது என்றால், இருட்டில் கிழக்கு எதுவென்று செடிக்கு யார் சொல்வது? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஸ்டேசி ஹார்மரின் குழுவினர் 2016இல் இதற்கு விடை தந்தார்கள். தலைக்கு மேல் அசையாத விளக்கு எரியும் அறைக்குள் செடிகளைக் கொண்டுபோய் வைத்தபோதும், அவை சில நாட்கள் பழையபடியே இருபுறமும் ஆடிக்கொண்டிருந்தன. சூரியன் நகர்வதுபோல் விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக 24 மணி நேரச் சுழற்சியில் ஏற்றி அணைத்தபோது அந்த வெளிச்சத்தை ஒழுங்காகப் பின்தொடர்ந்தவை, 30 மணி நேரச் சுழற்சிக்கு மாற்றியதும் தடுமாறின. ஆக, தண்டின் எந்தப் பக்கம் எப்போது நீள வேண்டும் என்பதைச் செடியின் உள்கடிகாரமும் வெளிச்சமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. சன்னலோரச் செடி வெளிச்சத்தை நோக்கி வளைவதும் இதுவும் ஒன்றே என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. திறந்தவெளியில் சூரியனைத் தொடரும்போது வேறு மரபணுக்கள் இயங்குகின்றன என்று 2023இல் அதே ஆய்வகம் காட்டியது.

வாசகியின் முதல் ஐயத்துக்கான விடை இதிலேயே இருக்கிறது. பூ விரியும் பருவத்தில் தண்டின் வளர்ச்சி ஓய்ந்துவிடுகிறது. வளர்ச்சியால் நடந்த அசைவு அதோடு நின்றுவிடுகிறது. காலை வெளிச்சத்துக்குச் செடி காட்டும் எதிர்வினை மாலை வெளிச்சத்துக்குக் காட்டுவதைவிட வலியது என்பதால், இறுதியில் பூ கிழக்கிலேயே நிலைகொள்கிறது. இதனால் பூவுக்கு ஆதாயமும் உண்டு. கிழக்கு பார்த்த பூ காலையில் விரைவாகச் சூடேறுகிறது. அந்த 2016 ஆய்வில், மேற்கே திருப்பி வைத்த பூக்களைவிட அதற்கு ஐந்து மடங்கு மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகள் வந்தன. மேற்கு நோக்கிய பூவைச் சிறு ஹீட்டரால் சூடாக்கியதும் அதற்கும் வருகை கூடியது.

பேனா மையும் தொட்டியும் கேமராவும் ஹீட்டரும் கொண்டு இவ்வளவு கண்டறிந்திருக்கிறார்கள். சூரியகாந்தி எண்ணெயைப் பெருமளவு இறக்குமதி செய்யும் நம் நாட்டில், பூ ஏன் திரும்புகிறது என்று ஒரு மாணவர் கேட்டால் அதற்கு நிதி ஒதுக்கத் தயங்கவே கூடாது.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். மொட்டுப் பருவத்தில் தொட்டியைத் திருப்ப வேண்டாம். அதே ஆய்வில் நாள்தோறும் அப்படித் திருப்பப்பட்ட செடிகளின் இலைப்பரப்பும் எடையும் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தன. பூ விரிந்த செடியை வேண்டுமானால் உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், விதை வேண்டுமென்றால் கிழக்கிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று தொட்டிகள் இருந்தால், மொட்டுவிட்ட ஒரு செடியை மட்டும் ஒரே ஒரு மாலையில் அரைவட்டம் திருப்பி வைத்து, மறுநாள் விடியுமுன் மாடிக்குப் போய்ப் பாருங்கள். மற்றவை எல்லாம் கிழக்கே காத்திருக்க, அது மட்டும் மேற்கே முகம் காட்டி நிற்கும்.